பை நாளுக்கும் தேங்காய் நாளுக்கும் ஒரு மேசை ஓவன்: திருகோணமலை வீட்டில் எப்படி உழைக்கிறது?

ஜூன் 16 உலகக் கடலாமை நாள். ஜூலை 22 பை (π) அண்ணளவு நாள். செப்ரெம்பர் 2 உலகத் தேங்காய் நாள். ஒக்ரோபர் 1 உலகத் தபாலட்டை நாள். இவை கோயில் திருவிழாக்களும் இல்லை, அரச விடுமுறைகளும் இல்லை. ஆனாலும் பிள்ளைகள் உள்ள வீட்டில் இப்படிப்பட்ட நாளொன்றுக்குக் காலையில் ஒரு கேக், மத்தியானம் ஒரு கைவேலை, வெயில் தாழக் கடற்கரை என்று வைத்துக்கொண்டால் பிள்ளைகள் அடுத்த நாள் எப்போது என்று கேட்கத் தொடங்கிவிடுவார்கள். அதற்கு வாங்க வேண்டிய பெரிய பொருள் ஒன்றே ஒன்றுதான்: மேசையில் வைக்கும் மின்சார ஓவன். 25 முதல் 30 லீற்றர் வரை கொள்ளும் வகையைப் பற்றித்தான் இந்த மதிப்பீடு. எந்தக் கம்பனி என்பதைவிட எந்த அளவு, எந்த அமைப்பு என்பதே இங்கே முக்கியம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். வருடத்துக்கு ஏழெட்டு முறையாவது கேக் அல்லது பணிஸ் போடுகிற வீட்டுக்கு இது நல்ல பொருள். நத்தாருக்கு ஒரு தரம், பிறந்தநாளுக்கு ஒரு தரம் மட்டும் என்றால் வேண்டாம். பேக்கரியில் சொல்லிச் செய்விப்பதே இலாபம். மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த பட்டினத்தில் சும்மா கிடக்கிற ஓவன் உழைக்கிற ஓவனைவிட விரைவில் துருப்பிடிக்கும்.

வாங்கப் போகும்போது உங்கள் 20 சென்ரிமீற்றர் கேக் தட்டைக் கையோடு கொண்டு போங்கள். மத்திய வீதிக் கடைகளில் பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னால் காட்டுவார்கள். தட்டை உள்ளே வைத்தால் நான்கு பக்கமும் குறைந்தது 3 சென்ரிமீற்றர் இடைவெளி இருக்க வேண்டும். இடைவெளி இல்லாவிட்டால் சூடான காற்று சுற்றாது. சுவரோடு ஒட்டிய பக்கம் கருகும், நடு வேகாது. உயரத்தையும் பாருங்கள். தட்டைக் கீழ்த் தட்டியில் வைத்தபின் அதன் விளிம்புக்கும் மேல் கொயிலுக்கும் இடையில் ஒரு சாண் இல்லாவிட்டாலும் பத்து சென்ரிமீற்றராவது வேண்டும். கேக் பொங்கி எழ இடம் வேண்டுமல்லவா? 20 லீற்றருக்குக் குறைந்த ஓவன்களில் இந்த இடம் கிடைக்காது. அவை பாண் சுட்டெடுக்கவும் மீன் ரோஸ்ட் செய்யவும்தான் சரி.

மேல் கொயிலையும் கீழ் கொயிலையும் தனித்தனியே போடக்கூடிய வகையாக இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தே எரியும் மலிவான வகையில் கேக்கின் மேல் தோல் இருபதாவது நிமிடத்திலேயே சிவந்துவிடும். கதவு இறுக்கத்தைப் பார்க்க ஒரு துண்டுக் கடதாசியைக் கதவில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். மெல்ல உரசிக்கொண்டு வந்தால் நல்லது. தானாக விழுந்தால் சூடு வெளியே போகும்.

அடுத்தது பிளக். இந்த வகை ஓவன்கள் பெரும்பாலும் 1500 வாட் அளவில் இருக்கும். 230 வோல்ட்டுக்கு அது ஆறரை அம்பியர். பழைய வீடுகளில் இன்னும் இருக்கிற உருண்டை முள் 5 அம்பியர் சொக்கட்டில் அடப்டர் போட்டுச் செருகினால் முதல் அரை மணித்தியாலம் ஒன்றும் தெரியாது. பிறகு பிளக் சூடாகி இளகும், சொக்கட் கறுக்கும். சதுர முள் 13 அம்பியர் சொக்கட்டில் நேரடியாகச் செருகுங்கள். எக்ஸ்டென்ஷன் வயர் வேண்டவே வேண்டாம். மின் செலவைப் பார்த்தால், முன்சூட்டோடு சேர்த்து 70 நிமிடம் ஓடினாலும் ஒன்றேமுக்கால் யூனிட்டைத் தாண்டாது. கொயில் அணைந்து அணைந்து எரிவதால் உண்மையில் அதைவிடக் குறையும்.

இந்த ஓவன்களின் பெரிய குறை சூட்டுக் குமிழ். 180 என்று திருப்பினால் உள்ளே 160-உம் இருக்கலாம், 205-உம் இருக்கலாம். ஓவன் வெப்பமானி ஒன்று வாங்கி உள்ளே தொங்கவிடுவது நல்லது. கிடைக்காவிட்டால் சீனியே சொல்லிவிடும். சீனி உருகுவது ஏறத்தாழ 186 பாகையில். ஒரு துண்டு அலுமினியத் தாளில் ஒரு தேக்கரண்டி வெள்ளைச் சீனியைப் பரப்பி, 15 நிமிடம் முன்சூடாக்கிய ஓவனில் குமிழை 175-இல் விட்டுக் கால் மணித்தியாலம் வையுங்கள். சீனி மணல் மாதிரியே இருக்க வேண்டும். ஓரம் கண்ணாடி போல் ஆனால் உங்கள் ஓவன் கூடச் சுடுகிறது. பிறகு புதிய சீனியோடு 195-இல் கால் மணித்தியாலம். இப்போது உருக வேண்டும். உருகாவிட்டால் ஓவன் குறையச் சுடுகிறது. எந்த இலக்கத்தில் உருகத் தொடங்குகிறதோ அதைக் கண்டுபிடித்து, குமிழுக்குப் பக்கத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். கோடு 205-இல் விழுந்தால் ஒவ்வொரு கேக்குக்கும் குமிழை இருபது கூட்டி வைக்க வேண்டும் என்று அர்த்தம். இந்தச் சோதனை செய்யாமல் போட்ட முதல் கேக் சரிவருவது அதிர்ஷ்டம் மட்டுமே.

இனி நாட்கள். பை (π) என்பது வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் வரும் எண், ஏறத்தாழ 3.14. பை நாள் என்று உலகம் கொண்டாடுவது மார்ச் 14-ஐ. அமெரிக்கர்கள் மாதத்தை முன்னால் எழுதுவதால் 3/14. சான் பிரான்சிஸ்கோவின் எக்ஸ்புளோறற்றோரியம் என்ற அறிவியல் காட்சியகத்தில் லறி ஷோ என்ற இயற்பியலாளர் 1988-இல் தொடக்கிய கொண்டாட்டம் அது. 2019-இல் யுனெஸ்கோ அதே நாளைச் சர்வதேசக் கணித நாளாகவும் அறிவித்தது. நாமோ நாளை முன்னால் எழுதுகிறவர்கள். நமக்கு 22/7 தான் பொருந்தும், அதாவது ஜூலை 22. பள்ளிக்கூடத்தில் வட்டத்தின் பரப்புக்குப் போடுகிற அதே 22/7. அத்தோடு ஜூலையில் இங்கே கச்சான் காற்று. ஈரம் இல்லாத அந்தக் காற்றில் கடதாசி வேலை சுருங்காமல் காயும், மாப்பேஸ்ட்றியும் மொறுமொறுப்பாக நிற்கும். எந்தப் பக்கம் பார்த்தாலும் திருகோணமலைக்கு ஜூலை 22 தான் சரியான பை நாள்.

அன்றைக்கு வட்டமான தேங்காய் டார்ட். 20 சென்ரிமீற்றர் தட்டுக்கு: கோதுமை மா 200 கிராம், குளிர்ந்த பட்டர் 100 கிராம், உப்பு ஒரு சிட்டிகை, ஐஸ் தண்ணீர் மூன்று முதல் நான்கு மேசைக்கரண்டி. பூரணத்துக்குத் தேங்காய்ப்பூ 250 கிராம், சர்க்கரை 150 கிராம், தண்ணீர் 60 மில்லிலீற்றர், ஏலக்காய் நான்கு, முட்டை ஒன்று. பனங்கட்டி போட்டால் மணம் இன்னும் நல்லது.

இந்த ஊர் வெக்கையில் பட்டர் பத்து நிமிடத்தில் களிம்பாகிவிடும். உருகிய பட்டர் மாவோடு கலந்தால் அடிப்பாகம் மொறுமொறுக்காது, பிஸ்கட் கல்லாகும். ஆகவே மாவையும் கோப்பையையும் இருபது நிமிடம் பிரீஸரில் வையுங்கள். வேலையைக் காலை ஏழு மணிக்கு முன் முடியுங்கள். பட்டரை விரல் நுனியால் மட்டும் உதிருங்கள், உள்ளங்கை பட வேண்டாம். பயறு அளவு கட்டிகள் தெரியும்போதே நிறுத்தித் தண்ணீர் விட்டுச் சேர்த்து, அரை மணித்தியாலம் பிரிட்ஜில் வைத்துப் பிறகு தட்டுங்கள்.

பூரணத்தில் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து வடித்து, பாகு கொதித்ததும் தேங்காய்ப்பூவைப் போட்டு ஈரம் வற்றும்வரை கிளறி, நன்றாக ஆறவிட்டபின் அடித்த முட்டையைச் சேருங்கள். சூட்டோடு சேர்த்தால் முட்டை திரிந்துவிடும். அடித்தட்டை மட்டும் முதலில் வேகவைக்க வேண்டும்: மாவின் மேல் எண்ணெய்க் கடதாசி, அதன் மேல் ஒரு கோப்பை பச்சைப் பயறு, 190 பாகையில் 15 நிமிடம். பயற்றை எடுத்துவிட்டு இன்னும் ஐந்து நிமிடம். இதை விட்டால் அடி ஈரக்களியாகவே இருக்கும். மேசை ஓவனில் இதுதான் எல்லாருக்கும் நடக்கிற தவறு. பிறகு பூரணம் நிரப்பி 180-இல் 25 நிமிடம். அந்தப் பயற்றைச் சமைக்க முடியாது, போத்தலில் போட்டு அடுத்த முறைக்கு வையுங்கள்.

டார்ட் வேகும் நேரத்தில் பிள்ளைகள் செய்ய வேண்டியது அளப்பு வேலை. இன்னொரு வட்டத் தட்டைக் கொடுங்கள். நூலால் சுற்றி அளந்தால் நூல் இழுபடும், விடை பிழைக்கும். ஒரு சென்ரிமீற்றர் அகலக் கடதாசிப் பட்டியால் சுற்றி, சேருமிடத்தில் பேனாவால் குறித்து, விரித்து அளக்க வேண்டும். 20 சென்ரிமீற்றர் தட்டுக்கு 62.8 வரவேண்டும், அதை விட்டத்தால் வகுத்தால் 3.14. இங்கே ஒரு பொறி இருக்கிறது. அலுமினியத் தட்டுகளுக்கு மேல் விளிம்பு சுருட்டியிருக்கும். சுற்றளவை விளிம்புக்குக் கீழேயும் விட்டத்தை விளிம்பின் மேலேயும் அளந்தால் 62.8-ஐ 20.5-ஆல் வகுக்க நேரும், விடை 3.06. பிள்ளை வகுத்தல் பிழைவிட்டதென்று கோபிக்க வேண்டாம். தட்டைக் கவிழ்த்து, இரண்டையும் அடிப்பக்கத்தில் அளக்கச் சொல்லுங்கள்.

கைவேலைக்குக் கடதாசிச் சங்கிலி. பத்து நிறத் தாளை 15 சென்ரிமீற்றர் நீளம், 2 சென்ரிமீற்றர் அகலத்தில் வெட்டி, சுழியம் முதல் ஒன்பது வரை ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஒரு நிறம். ஒரு சங்கிலி பையின் இலக்கங்களுக்கு: 3.14159265358979. மற்றது 22/7-க்கு: 3.142857142857. இரண்டையும் யன்னலில் பக்கத்துப் பக்கமாகத் தொங்கவிட்டால் முதல் மூன்று வளையங்கள் ஒரே நிறம், நான்காவதில் பிரியும். 22/7-இன் சங்கிலியில் ஆறு நிறங்கள் திரும்பத் திரும்ப வரும். பையின் சங்கிலியில் அப்படி வராது, எவ்வளவு நீளம் கட்டினாலும் வராது. "ஏனப்பா இது மட்டும் திரும்ப வருது?" என்று ஒரு பிள்ளை கேட்டால் அன்றைய நாள் வெற்றி. ஒட்டுவதற்கு பைண்டர் கம் போதும், ஆனால் ஒரு சொட்டுக்கு மேல் வேண்டாம். கூடினால் தாள் நெளியும்.

பின்னேரம் டச்சுக் குடா. டார்ட்டைக் கிறீம் இல்லாமல் செய்தது இதற்காகத்தான். பட்டர் ஐசிங் போட்ட எதையும் கடற்கரைக்குக் கொண்டுபோகாதீர்கள். ஓட்டோவில் போய்ச் சேருமுன் ஒரு பக்கமாகச் சரிந்துவிடும். கேக்குக்கு இனிப்பு மேல்பூச்சு வேண்டுமென்றால் ஐசிங் சீனி 100 கிராமுக்குத் தேசிக்காய்ச்சாறு ஒன்றரை மேசைக்கரண்டி கலந்து ஊற்றுங்கள். அது காய்ந்து ஓடு போல் நிற்கும்.

செப்ரெம்பர் 2 தேங்காய் நாள். ஆசிய பசுபிக் தேங்காய்ச் சமுதாயம் என்ற நாடுகளின் அமைப்பு 1969-இல் தொடங்கிய நாள் அது. இலங்கையும் அதில் உறுப்பு நாடு. ஓவனுக்கு இந்த நாளில்தான் உண்மையான பரீட்சை. தேங்காய் ரவைக் கேக் கனமானது, ஈரமானது, நீண்ட நேரம் வேக வேண்டியது. சூட்டைச் சீராகப் பிடிக்காத ஓவன் இதில் அகப்பட்டுவிடும்.

வறுத்த ரவை 250 கிராம், தேங்காய்ப்பூ 250 கிராம், சீனி 250 கிராம், பட்டர் 125 கிராம், முட்டை 4, தடித்த தேங்காய்ப்பால் 100 மில்லிலீற்றர், பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி, தேசிக்காய்த் தோல் துருவல், ஏலக்காய்த்தூள். ரவையைத் தேங்காய்ப்பூவோடும் பாலோடும் கலந்து குறைந்தது முக்கால் மணித்தியாலம் ஊறவிடுங்கள். ஊறாத ரவை வாயில் கடற்கரை மணல் மாதிரிக் கடிபடும். பட்டரையும் சீனியையும் வெளுக்கும்வரை அடித்து, முட்டைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஊறிய ரவையைக் கலந்து, கடைசியில் பேக்கிங் பவுடர். 20 சென்ரிமீற்றர் சதுரத் தட்டு, கீழ்த் தட்டி, 165 பாகை, 50 முதல் 55 நிமிடம். முப்பதாவது நிமிடத்தில் மேலே அலுமினியத் தாளைத் தளர்வாக மூடுங்கள். அதற்கு முன் கதவைத் திறக்காதீர்கள்: சின்ன ஓவனில் ஒரு தரம் திறந்தால் பாதிச் சூடு போய்விடும், நடு குழிந்துவிடும். ஈர்க்குக் குத்திப் பார்த்தால் ஈரப் பிசுக்கு ஒட்டக்கூடாது. ஒன்றிரண்டு ரவை ஒட்டினால் பரவாயில்லை. தேங்காய்ப்பூ நிறைந்த கேக் இந்த ஊர் வெக்கையில் மறுநாள் பின்னேரமே புளிவாடை வீசும். மிஞ்சியதை ஆறியவுடன் பிரிட்ஜில் வைத்துவிடுங்கள்.

கைவேலைக்குத் தென்னோலைக் காற்றாடி. கடையில் எதுவும் வாங்கத் தேவையில்லை. வெளிர்ப்பச்சைக் குருத்தோலையாக இருக்க வேண்டும். முற்றிய ஓலை மடிப்பில் வெடிக்கும். ஈர்க்கை உரித்தெடுத்து, 2 சென்ரிமீற்றர் அகலம், 25 சென்ரிமீற்றர் நீளத்தில் நான்கு பட்டிகள். ஒவ்வொன்றையும் சரிபாதியாக மடியுங்கள். முதல் பட்டியின் மடிப்புக்குள் இரண்டாவதன் நுனிகளும், இரண்டாவதன் மடிப்புக்குள் மூன்றாவதன் நுனிகளும், மூன்றாவதற்குள் நான்காவதும், நான்காவதன் மடிப்புக்குள் முதலாவதன் நுனிகளும் போக வேண்டும். நான்கையும் ஒரே நேரத்தில் மெல்ல இழுத்தால் நடுவில் சதுர முடிச்சு விழும், நாலு பக்கமும் இதழ் நிற்கும். ஒன்றை மட்டும் இறுக்கினால் முடிச்சு கோணும், காற்றாடி தள்ளாடும். முடிச்சின் நடுவே ஈர்க்கைச் செருகி, முன்பக்கம் கழன்று விழாமலிருக்க ஓலைத்துண்டில் ஒரு சிறு முடிச்சைத் தடையாகப் போடுங்கள். துளை ஈர்க்கைவிடச் சற்றுப் பெரிதாக இருந்தால்தான் சுழலும். இதழ்களை எல்லாம் ஒரே பக்கமாக லேசாக முறுக்கிவிட மறக்க வேண்டாம். முறுக்காத காற்றாடி எவ்வளவு காற்றிலும் நிற்கும்.

கடலாமை நாளுக்கு ஓவனே தேவையில்லை. கடலாமை ஆய்வில் முன்னோடியான ஆர்ச்சி கார் என்பவரின் பிறந்தநாள் அது. ஜூனில் கடல் அமைதியாக இருக்கும். நிலாவெளியிலிருந்து படகில் புறாத் தீவுக்குப் போகலாம். 2003 முதல் அது தேசியப் பூங்கா, நுழைவுச் சீட்டு எடுக்க வேண்டும். படகுக் கட்டணத்தையும் நுழைவுச் சீட்டையும் தனித்தனியே கேட்டுக்கொள்ளுங்கள். சேர்த்துச் சொல்லும்போதுதான் குழப்பம் வரும். காலையில் வெள்ளன போங்கள், நீர் தெளிவாக இருக்கும். முருகைக்கல்லில் கால் வைக்கவே கூடாது, துண்டைக்கூட எடுத்துவரக் கூடாது. சாப்பாட்டுக்குப் பணிஸ் போதும், பொலித்தீன் பையில் கட்டாமல் டப்பாவில் கொண்டுபோங்கள். பிரெட்றிக் கோட்டைக்குப் போகும் நாளிலும் இதே விதி: அங்குள்ள புள்ளிமான்கள் பொலித்தீனையும் விழுங்கிவிடும், கேக்கும் அவற்றுக்கு உணவில்லை. பிள்ளை ஆசையாக நீட்டினாலும் தடுத்துவிடுங்கள்.

திமிங்கில நாளை விட்டுவிடலாம். அது பெப்ரவரி மூன்றாம் ஞாயிறு. வாடை முழுவதும் ஓயாத கடலில் படகேறுவது பிள்ளைகளோடு செய்யும் வேலையில்லை. பங்குனி கழிந்து கடல் படிந்தபின் ஒரு காலையைத் தெரிந்து, கோணேசர் கோயில் இருக்கும் சுவாமி மலையிலிருந்து பார்க்கலாம். ஆழ்கடல் இங்கே கரைக்கு மிகக் கிட்ட வருவதால் நீலத் திமிங்கிலம் மூச்சுவிடும் நீர்த்தூண் சில நாட்களில் மலையிலிருந்தே தெரியும்.

ஒக்ரோபரில் இரண்டு நாட்கள். ஒன்றாம் திகதி தபாலட்டை நாள், 1869-இல் அதே நாளில் ஒஸ்திரியா-ஹங்கேரியில் முதல் தபாலட்டை வந்தது. பிறிஸ்டல் போட்டை 10-க்கு 15 சென்ரிமீற்றராக வெட்டி, ஒரு பக்கம் படம், மறுபக்கம் இடது பாதியில் செய்தி, வலது பாதியில் விலாசம். மினுக்கம், சிப்பி, நூல் எதுவும் ஒட்ட வேண்டாம். தபால் முத்திரை குத்தும்போது உதிர்ந்துவிடும்.

16-ஆம் திகதி பாண் நாள். எட்டுப் பணிஸுக்குக் கோதுமை மா 300 கிராம், தண்ணீர் 180 மில்லிலீற்றர், ஈஸ்ட் 5 கிராம், சீனி 20, உப்பு 5, பட்டர் 25. ஈஸ்டைக் கரைக்கும் தண்ணீர் எவ்வளவு சூடு என்று கேட்டால் இந்த ஊரில் விளக்கம் சுலபம்: கன்னியா வெந்நீர்க் கிணற்றுத் தண்ணீர் அளவு, 38 முதல் 40 பாகை. அதிலும் 60 மில்லிலீற்றர் மட்டும் அப்படி, மீதி பைப் தண்ணீரே போதும். நம் குசினி வெக்கையில் முழுத் தண்ணீரையும் சூடாக விட்டால் மா அரை மணித்தியாலத்தில் பொங்கித் தளர்ந்துவிடும், பணிஸ் தட்டையாகிப் புளிக்கும். இரட்டிப்பாகும்வரை, ஏறத்தாழ 45 நிமிடம். 200 பாகையில் 15 நிமிடம், கீழ்த் தட்டி. கன்னியா, இறந்தவர்களுக்கு அந்தியேட்டிக் கிரியை செய்யும் இடமும் என்பதால் கொண்டாட்டமாக அங்கே போக வேண்டாம். அமைதியாகப் போய்க் குளித்து வரலாம்.

நவம்பரில் மழை தொடங்கினால் ஓவனின் பின்பக்கத் திருகாணிகளிலும் தட்டியின் மூலைகளிலும் முதலில் துரு காணும். ஒவ்வொரு முறையும் ஆறியபின் உலர்ந்த துணியால் துடையுங்கள், ஈரத்துணியால் அல்ல. பாவிக்காத கிழமைகளில் 100 பாகையில் பத்து நிமிடம் வெறுமனே ஓடவிட்டு, அணைத்தபின் கதவைச் சற்றுத் திறந்து ஆறவிட்டு மூடுங்கள். தட்டியையும் தட்டையும் உள்ளே விடாமல் தேங்காயெண்ணெய் தொட்டுப் பூசிக் கடதாசியில் சுற்றி அலுமாரியில் வைத்தால் அடுத்த ஜூலைக்கும் அப்படியே இருக்கும்.